எந்தக் காளை தகப்பனாகலாம்?

மந்தைவெளியில் ஆர்.கே. மடம் சாலையை ஒட்டிய தெருக்களில் இன்றும் பசுக்களைப் பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையுமாக ஹோல்ஸ்டீன் கலப்பு, மான் நிறத்தில் ஜெர்சி கலப்பு. கன்றுகளும் உண்டு. காளை மட்டும் கண்ணில் படாது. மயிலாப்பூர் மாடுகள் இங்கே மேய்ந்த காலத்தில் மந்தையோடு ஒரு பொலிகாளையும் நின்றிருக்கும். இப்போதைய கன்றுகளின் தகப்பன் எங்கோ ஓர் உறைவிந்து நிலையத்தில் இருக்கிறது. சென்னைக்கு வடமேற்கே அலமாதியில் இருப்பது அப்படிப்பட்ட ஒரு நிலையம். அங்கே எடுக்கும் விந்தை, கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குழல்களில் ஏறக்குறைய 2 கோடி விந்தணுக்களோடு அடைத்து, மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் வைக்கிறார்கள். மாட்டுக்காரர் சினை ஊசி போடச் சொல்லும்போது அந்தக் குழல்தான் வெளியே வருகிறது.

ஒரு பசு தன் ஆயுளில் எட்டுப் பத்துக் கன்று ஈன்றாலே அதிகம். ஊசி வழியில் ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் பிறக்கின்றன. மந்தையில் நேரடியாகச் சேரும் காளைகூட ஒரு பருவத்தில் இருபது முப்பது பசுக்களைச் சினையாக்கிவிடும். ஆகவே ஒரு மாட்டினம் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பெரும்பாலும் காளைகளே தீர்மானிக்கின்றன. பசுவைத் தேர்வதில் நேரும் பிழை ஒரு கொட்டிலோடு நின்றுவிடும். காளையைத் தேர்வதில் நேரும் பிழையை ஒரு வட்டாரமே பல வருடம் சுமக்க வேண்டியிருக்கும்.

பாலுக்காக வளர்க்கும் இனங்களில் தேர்வின் அளவுகோல் தெளிவானது. காளைக்குப் பால் சுரக்காது என்பதால் அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று கணக்கெடுத்துத் தகப்பனுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். உடலுக்காக வளர்க்கும் இனங்களில், அதாவது இறைச்சிக்கோ இழுவைக்கோ வளர்க்கும் இனங்களில், காளையின் உடம்பே சாட்சியாக எதிரில் நிற்கிறது. உயரமும் சதையும் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரிவதாலேயே இந்தத் தேர்வில் பிழைகள் அதிகம் நேர்ந்திருக்கின்றன. அந்தப் பிழைகளும் அவற்றிலிருந்து பிறந்த அறிவும் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது அங்கஸ் இனத்தின் வரலாற்றில்தான்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள அபர்தீன், அங்கஸ் மாவட்டங்களின் கொம்பில்லாத கறுப்பு மாடு அது. கெய்லர் என்ற ஊரில் ஹியூ வாட்சன் என்ற பண்ணைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கறுப்பு நிறமும் கொம்பில்லாத தலையும் திரண்ட உடலும் உள்ளவற்றை மட்டும் இனத்துக்கு வைத்துக்கொண்டார். 1862இல் இனப் பதிவேட்டின் முதல் தொகுதி வந்தபோது அவருடைய ஓல்ட் ஜாக் என்ற காளைக்கு முதலாம் எண் கிடைத்தது. 1873இல் ஜார்ஜ் கிராண்ட் என்பவர் 4 அங்கஸ் காளைகளை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த நீளக்கொம்பு மாடுகளோடு சேர்ந்தபோது கன்றுகள் பெரும்பாலும் கறுப்பாக, கொம்பில்லாமல் பிறந்தன. இரண்டுமே மரபில் ஓங்கு பண்புகள். தகப்பன் யார் என்பதைக் கன்றின் நெற்றியே சொல்லிவிட்டது.

நிறமும் கொம்பும் ஒன்றிரண்டு மரபணுக்களின் வேலை. உயரமும் சதையும் அப்படியல்ல. 2018இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு 58,000க்கும் மேற்பட்ட மாடுகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, உயரத்தோடு தொடர்புள்ள 163 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். இந்த அளவு சிக்கலான ஒன்றைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

1940களிலும் 50களிலும் அங்கே கண்காட்சிகளில் பரிசு வாங்கியவை குட்டையான, அகலமான, சீக்கிரம் கொழுக்கும் காளைகள். நிற்கும் மனிதரின் இடுப்பளவுதான் உயரம். எவ்வளவு குட்டையோ அவ்வளவு மதிப்பு. அந்த நேரத்தில் ஹெர்ஃபோர்டு என்ற இன்னோர் இறைச்சி இனத்தின் மந்தைகளிலும் அங்கஸ் மந்தைகளிலும் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. புடைத்த நெற்றி, உப்பிய வயிறு, மூச்சு விடும்போது கரகரவென்ற சத்தம். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஒடுங்கு மரபணு ஒன்று தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால் இப்படி ஆகும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கன்று நலமாக இருக்கும். சற்றுக் குட்டையாக, திரண்டு தெரியும். நடுவர்கள் தேடியது அந்த உருவத்தைத்தான். நோயைச் சுமந்த காளைகளையே மீண்டும் மீண்டும் பரிசு கொடுத்து மந்தைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அழகு என்று நினைத்தது ஒரு குறைபாட்டின் பாதி வடிவம்.

அதிலிருந்து விடுபட்டவர்கள் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். 1960களின் கடைசியிலிருந்து சாரோலே, சிமெண்டல் போன்ற உயரமான ஐரோப்பிய இனங்கள் அமெரிக்காவுக்குள் பெருமளவில் வந்தன. உயரமே வளர்ச்சி என்ற எண்ணம் பரவியது. 1980களில் பரிசு வாங்கிய அங்கஸ் காளைகள் ஒடுங்கிய மார்போடு, நீண்ட கால்களில் நின்றன. அவற்றின் மகள்கள் மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பியபோதுதான் தொல்லை தெரிந்தது. மாட்டுக்குத் தன் உடலைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் வேண்டிய தீனி, எடையோடு நேராகக் கூடாமல், எடையின் முக்கால் அடுக்காகக் கூடும். 450 கிலோ பசுவை விட 600 கிலோ பசுவுக்கு வருடம் முழுவதும் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் தீனி வேண்டும். புல் காய்ந்த மாதங்களில் பெரிய பசு முதலில் மெலியும். மெலிந்த பசு பருவத்துக்கு வராது. ஒரு ஈத்து தவறும். மகனின் எடையில் கிடைத்த லாபம் மகளின் வெறும் வயிற்றில் போய்விட்டது.

இந்த இரண்டு வீழ்ச்சிகளுக்கும் பிறகு அளவெடுக்கும் முறை நிலைபெற்றது. 1968இல் அமெரிக்காவில் தொடங்கிய மாட்டின மேம்பாட்டுக் கூட்டமைப்பு வகுத்த விதி எளிமையானது. மாட்டைச் சமதரையில் நிறுத்தி இடுப்பெலும்பின் உச்சிவரை உயரம் எடு, வயதைக் குறி, அட்டவணையில் பார். 12 மாதக் காளை சுமார் 49 அங்குலம் இருந்தால் உடற்சட்டத்தின் மதிப்பெண் 5. ஒவ்வொரு 2 அங்குலத்துக்கும் ஒரு மதிப்பெண் கூடும். நன்றாகத் தீனி கிடைத்த கன்றுக்கு அந்த மதிப்பெண் வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய மாறாது. அதனால் ஒரு வயதுக் கன்றைப் பார்த்தே அதன் முழு வளர்ச்சியை ஓரளவு சொல்லிவிட முடிகிறது.

ஏன் இந்த எண் முக்கியம்? உடல் வளர்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் கொழுப்பு. சிறிய சட்டமுள்ள கன்றுக்கு எலும்பு வளர்ச்சி சீக்கிரம் முடிந்துவிடும். மிச்சத் தீனி கொழுப்பாகும். பெரிய சட்டமுள்ளது வளர்ந்துகொண்டே போகும்; தேறி நிற்கப் பல மாதம் கூடுதலாகத் தீனி போட வேண்டும். இன்று பெரும்பாலான அங்கஸ் வளர்ப்பாளர்கள் 5, 6 என்ற நடுத்தர மதிப்பெண்ணில் நிற்கிறார்கள். பச்சைப்புல் தாராளமாக உள்ள இடத்தில் சற்றுக் கூட்டுவார்கள், வறண்ட இடத்தில் குறைப்பார்கள். சட்டத்தின் அளவை நிலம் நிர்ணயிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் அரை நூற்றாண்டில் கற்றது. எனக்கு இதுவே இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது.

சதையைப் பார்ப்பது இன்னும் நுட்பமானது, ஏனென்றால் கொழுப்பு சதையைப் போல் நடிக்கும். அனுபவசாலி காளையைப் பக்கவாட்டில் பார்ப்பதோடு விடமாட்டார், பின்னால் போய் நிற்பார். தசை நிறைந்த காளையின் பின்புறம் தொடையின் நடுப்பகுதியில்தான் மிக அகலமாக இருக்கும். கொழுத்த காளை மேலே, வால் அடியில் அகலமாகத் தெரியும். நடக்கவிட்டால் தசை திரண்டு அசையும். கொழுப்பு அசையாமல் மழமழவென்று கிடக்கும். முன்னங்காலின் மேல்பகுதியில் கொழுப்பு அவ்வளவாகப் படியாது. அங்கே திரட்சி தெரிந்தால் அது தசைதான் என்று நம்பலாம். நெஞ்சுக்கட்டும் அடிவயிறும் நிரம்பித் தொங்கினால் அது தீனியின் வேலை.

கண் சொல்வதைச் சரிபார்க்க இப்போது மீயொலிக் கருவி இருக்கிறது. வயிற்றிலுள்ள குழந்தையைப் பார்க்கும் அதே நுட்பம். 12ஆம் 13ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே முதுகில் கருவியை வைத்தால், முதுகுத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு, மேலிருக்கும் கொழுப்பின் கனம், தசைக்குள் இழையோடும் கொழுப்பு ஆகியவை திரையில் தெரியும். கத்தி படாமலே காளையின் உள்ளே பார்த்துவிடலாம்.

சதை கூடக் கூட நல்லதா? பெல்ஜியத்தின் நீல மாடுகள் இதற்குப் பதில். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதம் அவற்றின் உடலில் வேலை செய்வதில்லை. காரணமான மரபணுவை 1997இல் கண்டுபிடித்தார்கள். தசைநார்களின் எண்ணிக்கையே அதிகம். தொடை இரண்டாகப் பிளந்தாற்போல் புடைத்து நிற்கும். ஆனால் அத்தனை பெரிய கன்று தாயின் இடுப்பு வழியே வர முடியாது. அந்த இனத்தின் கலப்பில்லாத பசுக்களில் பெரும்பாலானவை அறுவைச் சிகிச்சையால்தான் ஈனுகின்றன. கத்தி இல்லாமல் தன் சந்ததியைப் பெற முடியாத நிலைக்கு ஓர் இனத்தைத் தேர்வின் மூலம் கொண்டுபோய் விட்டோம். இதை நான் சாதனை என்று சொல்ல மாட்டேன். அங்கஸ் உலகெங்கும் விரும்பப்படுவதற்குச் சதையைவிடப் பெரிய காரணம், கன்று சிறியதாகப் பிறந்து, சுகமாக ஈன்று, பிறகு வேகமாக வளர்வதுதான்.

இன்னொரு அளவு விதைப்பை. ஒரு வயதுக் காளையின் விதைப்பைச் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அங்கஸ் வளர்ப்பாளர்கள் அதை இனத்துக்கு வைப்பதில்லை. சுற்றளவு அதிகமுள்ள காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன என்பதும் தெரிந்திருக்கிறது. தகப்பனின் உடலில் மகளின் கருவுறுதலைப் படிக்கும் வழி இது. (நம் திமில் மாடுகள் நிதானமாக முதிர்பவை. அவற்றுக்கு இந்த 30 அப்படியே பொருந்தாது. நமக்கான எண்ணை நாமே அளந்து கண்டாக வேண்டும்.)

இங்கே மரபியலின் ஒரு சிறு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஒரு காளை தன் கூட்டத்தின் சராசரியைவிட 10 சென்டிமீட்டர் உயரம். அந்த 10 சென்டிமீட்டரும் கன்றுக்குப் போகுமா? போகாது. உயரத்தில் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி. மீதி தீனி, தாய்ப்பால், பிறந்த மாதம், அதிர்ஷ்டம். ஆக மரபில் நிற்பது 5. அதிலும் தகப்பன் பாதிதான் தருகிறான். கன்றுகளிடம் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 2.5 சென்டிமீட்டர். கருவுறும் திறன் போன்ற பண்புகளில் மரபின் பங்கு பத்தில் ஒன்றுதான் இருக்கும். அங்கே காளையின் பொதுத் தோற்றம் அதிகம் எதையும் சொல்லாது.

இதிலிருந்து ஒரு கடுமையான விதி வருகிறது. ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே மேய்ச்சலில், ஒரே தீனியில் வளர்ந்த காளைகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்று வளர்ந்த காளையைக் காட்டில் மேய்ந்த காளையோடு நிறுத்திப் பார்த்தால், நாம் தேர்வது உரிமையாளரின் பணப்பையை. சந்தையிலும் போட்டியிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். இறைச்சிக்கான இனங்கள் தமிழ்நாட்டின் இனவிருத்தித் திட்டத்தில் இல்லை. இங்கே வெளியினம் என்றால் ஜெர்சியும் ஹோல்ஸ்டீனும்தான். ஆனால் காளையின் சட்டத்தையும் சதையையும் பார்த்துத் தேர்ந்த மரபு நமக்கு உண்டு. அந்தத் தேர்வில் உருவானதுதான் காங்கேயம். 1909இல் கன் எழுதிய தென்னிந்திய மாடுகள் பற்றிய நூலும், 1936இல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலும் அன்றைய சென்னை மாகாணத்தின் இனங்களை அளவோடு பதிவு செய்தவை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெரிய மந்தை வைத்து, காளைகளைக் கழித்துக் கட்டித் தேர்ந்தது. அங்கிருந்து போன பூச்சிக்காளைகள் என்ற பொலிகாளைகள்தான் கொங்கு நாட்டின் ஊர்மந்தைகளில் இனத்தை நிலைநிறுத்தின.

அவர்கள் எதற்காகத் தேர்ந்தார்கள்? கவலை இறைக்க. ஆழமான கிணற்றிலிருந்து தோல்பறி நிறையத் தண்ணீரை வெளியே இழுக்க, ஒரு சோடி எருது சரிவில் இறங்கி நடக்க வேண்டும். முனைக்கு வந்ததும் அப்படியே பின்னால் அடியெடுத்து மேலேற வேண்டும். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதே நடை. இதற்கு வேகமாகக் கூடும் சதை உதவாது. வலுவான கழுத்து, கெட்டியான குளம்பு, கால் பின்னாத நேரான நடை, சொல்லுக்குக் கட்டுப்படும் குணம் வேண்டும். எருது தொடர்ந்து இழுக்கக்கூடிய விசை அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதனால் எடை வேண்டும்தான். ஆனால் எடை கூடினால் தீனியும் கூடும். கொங்கு நாட்டின் மேய்ச்சல் கொரங்காடு. முள்ளுக்கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளரும் மானாவாரி நிலம். மழை குறைந்த மேட்டு நிலத்தில் அந்தப் புல் தாங்கும் அளவுக்கே சட்டம் இருக்க முடியும். காங்கேயக் காளை சுமார் 140 சென்டிமீட்டர் உயரத்திலும் 500 கிலோவைச் சற்றுத் தாண்டிய எடையிலும், பசு 350 கிலோ அருகிலும் நின்றதற்கு இந்த நிலம்தான் காரணம். அட்டவணை இல்லாமலேயே அந்த நடுத்தரத்தைக் கண்டுபிடித்தார்கள்.

நிறத்தையும் அவர்கள் வெறும் அழகுக்காகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். காங்கேயக் கன்று செம்மை நிறத்தில் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பலாகும். காளை முதிரும்போது தலை, கழுத்து, திமில், தொடை ஆகிய இடங்கள் கறுக்கும். காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். ஆண் இயக்குநீர் எவ்வளவு ஓடுகிறது என்பதைத் தோலே காட்டுகிறது. திமிலும் கழுத்தும் திரள்வதும் அதே நீரால்தான். கறுத்த திமில் உள்ள காளையைத் தேர்ந்தவர் தெரிந்தோ தெரியாமலோ ஆண்மையையே தேர்ந்தார்.

காவிரிக் கழிமுகத்தின் உம்பளாச்சேரி வேறொரு பாடம். சேற்று வயலில் உழ வேண்டிய மாடு அது. குட்டையான கால், சிறிய, திரண்ட உடல். காங்கேயக் காளையை அந்தச் சேற்றில் இறக்கினால் தன் எடையாலேயே அமிழும். பர்கூர் மலைமாடு கல்லும் முள்ளும் ஏறும் கால்களோடு இருக்கிறது. இவை மூன்றையும் புலிக்குளத்தையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஒரே மாநிலத்தில் நான்கு நிலங்களுக்கு நான்கு உடற்சட்டங்கள்.

உடலுக்காகத் தேர்ந்து உலகையே நிரப்பிய தென்னிந்திய மாடு ஒன்று உண்டு, அது ஓங்கோல். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், குண்டூர்ப் பகுதி மாடு. 19ஆம் நூற்றாண்டில் சிறு எண்ணிக்கையில் பிரேசிலுக்குப் போய், நெல்லூரின் பெயரால் நெலோர் ஆனது. 1960களின் தொடக்கத்தில் கடைசிப் பெரிய தொகுதி போனது. ஃபெர்னாண்டோ டி நொரோன்யா என்ற தீவில் அவற்றைத் தனிமைப்படுத்தி வைத்து, நோயில்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே விட்டார்கள். அவற்றில் ஒரு காளையின் பெயர் கர்வாடி. ஓங்கோலுக்குப் பக்கத்திலுள்ள ஊரின் பெயர் அது. அந்த ஒரு காளையின் ரத்தம் இன்று பிரேசிலின் நெலோர் கூட்டம் முழுவதும் பரவியிருக்கிறது. உபெராபா நகரை மையமாகக் கொண்ட வளர்ப்பாளர் சங்கம் பிறந்த எடை, பால் மறந்த எடை, ஒரு வயது எடை, விதைப்பைச் சுற்றளவு என்று தலைமுறைகளாகப் பதிவு செய்து வருகிறது. வியாட்டினா-19 என்ற நெலோர் பசு 40 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்பிடப்பட்ட செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அதன் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. சாதாரண நெலோர் பசுவைப் போல் இரு மடங்கு. அந்த எடை பதிவேட்டில் பிறந்தது என்றே சொல்வேன்.

ஓங்கோலும் அங்கஸும் ஒரே உடம்பில் சந்தித்ததும் உண்டு. ஓங்கோல், கிர், காங்க்ரேஜைச் சேர்ந்த குசெராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு ஆகியவற்றிலிருந்து அமெரிக்கர்கள் பிராமன் என்ற இனத்தை உருவாக்கினார்கள். அதில் எட்டில் மூன்று பங்கும் அங்கஸில் எட்டில் ஐந்து பங்கும் சேர்ந்தது பிராங்கஸ். அங்கஸின் சதையும் நம் மாட்டின் வெயில் தாங்கும் தோலும், உண்ணியை எதிர்க்கும் குணமும் ஒன்றாயின. வெளியே போன நம் காளைகளை அளந்தவர்கள் அவற்றிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். இங்கே நின்ற காளைகளை நாம் தொடர்ந்து அளக்கவில்லை.

மின்சார பம்புசெட் வந்ததும் கவலை நின்றது. டிராக்டர் வந்ததும் உழவும் வண்டியும் நின்றன. காளை எதற்காக என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதும், எந்தக் காளை என்ற கேள்வியைக் கேட்பாரும் குறைந்தார்கள். 2017 ஜனவரியில், மந்தைவெளியிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடியபோது, நாட்டுக்காளை அழிகிறது என்ற கவலை நகரத்து வீடுகளுக்குள்ளும் வந்தது. ஜல்லிக்கட்டால் காளை கொட்டிலில் தங்கியது. அது பெரிய நன்மை. ஆனால் வாடிவாசலில் வெல்லும் காளையைத் தேர்வது பாய்ச்சலையும் சீற்றத்தையும் தேர்வது. மாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கும் காளையைத் தேர்வது பெரும்பாலும் உயரத்தையும் திமிலையும் தேர்வது. இந்த இரண்டு மட்டுமே அளவுகோலாக நின்றால், அமெரிக்காவின் 1950களும் 1980களும் கொங்கு நாட்டிலும் மதுரைப் பக்கத்திலும் திரும்ப வரும். கொரங்காடு சுருங்கிக்கொண்டிருக்கும்போது காங்கேயத்தின் உயரத்தை ஏற்றுவது பசுக்களைப் பட்டினி போடுவதில்தான் முடியும்.

இன்னொரு ஆபத்து எண்ணிக்கை. ஊருக்கு ஒரு காளைதான் மிஞ்சியிருக்கிறது, அதையே நான்கைந்து வருடம் வைத்திருக்கிறார்கள் என்றால், அது தன் மகள்களையே சினைப்படுத்தத் தொடங்கிவிடும். ஒளிந்திருக்கும் ஒடுங்கு மரபணுக்கள் அப்போதுதான் சோடி சேரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து வட்டாரத்தோடு காளையை மாற்றிக்கொண்டால் செலவில்லாமல் இதைத் தவிர்க்கலாம்.

அளவெடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி நாடா வைத்து அங்குலத்தில் சுற்றளவு எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பின் முனைவரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 72, நீளம் 60 என்றால் 471 கிலோ. இதோடு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இடுப்புயரம், விதைப்பைச் சுற்றளவு, தாய் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஈன்றது என்ற கணக்கு, பிறந்தபோது கன்று சுகமாக வந்ததா என்ற ஒரு வரி. ஒரு நோட்டில் ஒரு பக்கம் போதும். பத்து வருடம் எழுதினால் அந்த ஊரின் எந்தக் காளை தகப்பனாகத் தகுந்தது என்பதை எந்த நடுவரையும் கேட்காமல் சொல்லிவிடலாம்.

கண்ணபுரம் மாட்டுத் தாவணியும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றன. அந்த இடங்களில் ஒரு எடைமேடையையும் ஓர் அளவுகோலையும் வைத்து, அங்கு வரும் ஒவ்வொரு காளையின் எண்ணையும் அளவையும் எழுதிக்கொள்வது கால்நடைத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடினமான வேலை அல்ல. நாடு முழுவதும் மாடுகளின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை இப்போது மாட்டப்படுகிறது. தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணில் பதிவாகின்றன. நாட்டினக் கன்றுகளுக்கு அதே எண்ணில் தாயும் தகப்பனும் ஒரு வயது உயரமும் மார்புச் சுற்றளவும் பதிவாக வேண்டும். மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை மருத்துவர் வரும்போது அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.